எழுந்து போனால் நின்றுவிடும் ரெண்டர்

செய்யது அபுதாஹிர் சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர். சீசன் முடிந்தால் டிசைன் பிரிவில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். ஒரு பொருள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. மதுரையில் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு கம்பெனியிடம், கட்டடம் எழும்பும் முன்பே அதற்குள் நடந்து பார்ப்பதுபோல் அனிமேஷன் படம் செய்து தருவதாக ஆர்டர் பிடித்துவிட்டார். பிடித்ததைக் கொண்டுவந்து டிசைன் பிரிவில் இருந்த எழில் தலையில் கட்டினார்.

எழிலுக்குச் சாத்தூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் பட்டாசுக் கம்பெனி வேலை. மகள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மா சண்முகத்தாய் ஒற்றைக் காலில் நின்றதால்தான் அவள் கம்ப்யூட்டருக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் வைத்துக்கொண்டிருந்தவளை மதுரைக்கு அனுப்பி இந்த வேலையைக் கற்க வைத்தவர் முதலாளி. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பழைய இடத்தில் முறையாக விடுவித்துக் கடிதம் கொடுத்தால் சேர்ந்துகொள்ளலாம். முதலாளியிடம் கேட்டாள். அவர் முகம் வாடியதே தவிர மறுக்கவில்லை.

"போ தாயி, நல்லா இரு. இந்தப் படுத்துக்கிற வியாதிய மட்டும் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போ."

படத்தை எல்லாக் கம்ப்யூட்டர்களும் பங்கு போட்டுக்கொண்டு, துண்டு துண்டாக வரைந்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் ரெண்டர் என்று பேர். மதியம் ஓடவிட்டுவிட்டு எழில் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவாள். திரும்பி வந்தால் அத்தனையும் செத்துக் கிடக்கும். ஃபைலைக் காணோம் என்று எல்லாத் திரையும் ஒரே பாட்டைப் பாடும். தேடினால் ஃபைல் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். சாயங்காலம் ஓடவிட்டு வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான்.

மரங்கள் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டாள். கட்டடத்தைச் சுற்றியிருந்த மரங்களின் இலைகள் கம்ப்யூட்டருக்குப் பாரமாகிவிட்டன என்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினாள். "பூங்கான்னு சொல்லித்தான விக்கிறோம், இங்கன பொட்டலா இருக்கே" என்று மதுரையிலிருந்து சத்தம் வந்தது. சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தாள். மெமரி கூட்டிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சமர்த்தாக ஓடும். எழுந்து போனால் படுத்துவிடும்.

"ஒங் கைராசி தாயி. நீ இருந்தாத்தான் ஓடுது" என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். எழிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கோயம்புத்தூர்க்காரர்களோ, எப்போது வருவீர்கள் என்று கேட்கிற குரலிலேயே சலிப்புக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். எழில் ரெண்டரை ஓடவிட்டுக் கீழே இறங்கினாள். மாடிப்படி இறங்குவது பேப்பர் குடோனுக்குள். கடைசியாகப் போகிறவர் குடோனைப் பூட்ட வேண்டும். கடைசி ஆள் எப்போதும் அவள்தான். பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளை பூட்டினால் முதலில் மெயின், பிறகுதான் ஷட்டர். சரக்கு இருக்கிற இடத்தில் கரண்டை உயிரோடு விட்டுப் போகக்கூடாது என்பது பேச்சு வருமுன்பே படிந்த பழக்கம். மாடிக்குத் தனி லைன், அது பாட்டுக்கு இருக்கும். அதனால் இதில் அவளுக்கு ஒரு யோசனையும் வந்ததில்லை.

அன்று காலையில் ஒரு லோடு பேப்பர் வெளியே போயிருந்தது. அது மறைத்திருந்த சுவரில் ஒரு சின்னப் பெட்டி பச்சை பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. எழில் மெயினை இறக்கினாள். மினுக்கல் அணைந்தது.

மாடிக்கு ஓடினாள். எல்லாத் திரையும் ஃபைலைக் காணோம் என்றன. கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கிற பெட்டி அது. அது அணைந்தால் ஃபைலுக்குப் போகிற வழி அறுந்துவிடும்; அவள் திரும்பி வந்து மெயினைப் போட்டதும் வழி திறந்து, ஃபைல் வைத்தபடி இருக்கும். அவள் வேலைக்குச் சேருமுன் வயரிங் செய்த புண்ணியவான், வயர்கள் சேருகிற இடம் என்று குடோனில் மாட்டி, குடோன் கரண்டிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தினமும் இரண்டு வேளை தன் கையாலேயே அதன் கழுத்தைத் திருகியிருக்கிறாள்.

முதலாளி வந்ததும் மறைக்காமல் சொன்னாள். "மொதலாளி, வியாதி எதுவும் இல்ல. நாந்தான்."

அவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "யா அல்லா! மெயின அமத்துற நம்மூருப் புத்தியா நம்மளக் கவுத்திருக்கு!" சிரித்த கையோடு மதுரைக்குப் போன் போட்டார். "சரியாயிருச்சுங்க. மிச்ச மூணு கட்டடத்தையும் அனுப்புங்க. யாரா? எங்க எழில்தான். அவ எங்க போகப்போறா?"

"மொதலாளி, அந்த லெட்டரு..."

"எந்த லெட்டரு?" நிஜமாகவே மறந்திருந்தார். நினைவு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தாயி, இத வேற ஒருத்தன் கண்டுபிடிச்சிருப்பானா? தப்பு எம்மேலதான்னு எவன் வந்து சொல்லுவான்? இந்த மூணையும் முடிச்சிரு. நானே ஒன்னய பஸ் ஏத்திவிடுறேன்." கண் கலங்கியிருந்தது.

திட்டியிருந்தால் ரோஷத்தோடு அன்றைக்கே கிளம்பியிருப்பாள். கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? "சரி மொதலாளி" என்று வந்துவிட்டது. சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சண்முகத்தாய் வாசலில் குத்தவைத்து, கையில் ஏறியிருந்த பட்டாசு மருந்துக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அந்த வியாதி என்னாச்சு? எப்பக் கெளம்புறே?"

"இன்னும் சரியாகலம்மா" என்றாள் எழில். "என்ன கோளாறுன்னே தெரியல."