தறிக்குழியில் யார் இறங்குவது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டு அம்சவேணிக்குச் சர்க்கரை நோய் வந்தபோது, சோற்றைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அவள் சோற்றைக் குறைத்தாள். நடக்கத்தான் நேரமில்லை. தறியை விட்டால் அடுப்பு, அடுப்பை விட்டால் தறி.

அவள் புருஷன் ஆனந்தகுமாருக்குச் சர்க்கரை இல்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

"சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல வேணி. ஒழைச்சினு இருந்தா கல்லும் செரிச்சிடும்" என்று மூன்றாம் தடவை சோறு போடச் சொல்வார்.

"அப்போ நான் ஒழைக்கலியா?"

கேட்ட பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. இருபது வருடமாக இருவருக்கும் ஒரே தறிதான். அவர் தறிக்கு அடியிலுள்ள குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க மிதிகட்டையை மிதிப்பார். அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு, சேலையின் கரைக்கு நூல் வைத்த நாடாக்கட்டையைத் தள்ளுவாள். அவர் கால் ஓய்ந்ததில்லை. அவள் கால் நீண்டதில்லை.

"நாளையிலருந்து நான் குழியில எறங்குறேன். நீங்க கரைக்கு ஒக்காருங்க."

முதல் வாரம் நெசவு கோணிக்கொண்டு போனது. தெருவே சிரித்தது, நானும்தான். அவள் பிரித்துப் பிரித்து நெய்தாள். முட்டி வீங்கியும் இடத்தை விடவில்லை.

ஆறு மாதம் கழித்து இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. அவருக்கு ஏறியிருந்தது.

"என் எடத்தக் குடுத்துடு வேணி" என்று கெஞ்சினார்.

"பாதி நாள் குடுக்குறேன். மூணாந்தடவை சோறு கேட்டீங்கன்னா அதுவும் கெடையாது."