முன் டயரின் அகலம்

எங்கள் பழைய இரும்புப் பவுண்டரியின் ஷெட்டில், சுவரோரமாகச் சாக்குப் போட்டு மூடிய இரண்டு டயர்கள் இருக்கின்றன. புது டயரின் மேல் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவை இந்த இரண்டிலும் இன்னும் அப்படியே இருக்கின்றன. சாலையில் கொஞ்ச தூரம் ஓடினாலே தேய்ந்து போய்விடுகிற முடிகள் அவை. அண்ணன் இவற்றை வாங்கிவந்த அன்று காரில் மாட்டுவதற்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். முடிகள் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. பக்கவாட்டில் நூற்றி எண்பத்தைந்து என்று அச்சாகியிருந்த எண்ணைக் காட்டி, இதுதான் டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு, சுவரில் ஒட்டியிருக்கிற படத்துக் காருக்கு முன்னால் இருப்பது இதே அளவுதான் என்றார். டயரைப் போய்க் கொஞ்சுகிற ஆளை அன்றுதான் பார்க்கிறேன் என்று நான் கேலி செய்தேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கார்ப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. லேத் பட்டறைக்காரர், பம்பு செட் செய்பவர், நூல் வியாபாரி என்று யாரை எடுத்தாலும், ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மனைவியிடம் திட்டு வாங்குகிறவர் ஒருவர் அந்தத் தெருவில் இருப்பார். அண்ணனும் அந்த ரகம்தான். அன்னூர்ப் பக்கம் இருந்த தோட்டத்தில் பாதியை விற்று அப்பா போத்தனூரில் பவுண்டரி ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அதை நடத்தினார். நான் பி.காம் முடித்துவிட்டு ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டேன். பம்புக்கு வார்ப்படம் ஊற்றியது போக மிச்சமிருந்த நேரமெல்லாம் அவருக்குக் கார்தான். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், அந்தக் காலத்துப் பந்தயக் கார். அதேபோல ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டார். இரும்புக் குழாயில் சட்டம், ஓடித் தீர்ந்த டாக்ஸி ஒன்றின் என்ஜின், பைபரில் உடம்பு. மழை வந்தால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். நனைவது என்றார்.

பைபர் உடம்பு தயாராகிப் பெயிண்ட் அடிக்கக் காத்திருந்த சமயத்தில்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் போனது. முதலில் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தியல் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிட்டது என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். பிறகு ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. பெரிய டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, கையில் ஆரம்பித்திருக்கிறது, பிறகு காலுக்கு வரும், கடைசியில் மூச்சுக்கும் வரும், மருந்து எதுவும் இல்லை என்று அவர் நிதானமாகச் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் சொன்னார்.

"மேட்டுப்பாளையம் தாண்டி மொதக் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அந்தக் கார நானே ஓட்டிப்போடோணும் அம்மணி. அதுக்கப்புறம் என்னமோ ஆவட்டும்."

அன்று முதல் அவருக்கும் அவர் கைகளுக்கும் நடந்தது ஒரு பந்தயம். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பவுண்டரியில் பழைய இரும்பு எடைபோட ஒரு கொக்கித் தராசு வைத்திருந்தோம், ஸ்பிரிங் வைத்தது. காரை நிறுத்திவைத்து, அந்தத் தராசின் கொக்கியை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி இழுப்பார் பவுண்டரியில் மெஷின் வேலை பார்த்த பிட்டர். சக்கரம் திரும்புகிற நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். அது காருக்கு வேண்டிய பலம். பிறகு அதே தராசைத் தூணில் மாட்டி அண்ணன் இழுப்பார். அது அண்ணனிடம் இருக்கிற பலம். முதலாவதைவிட இரண்டாவது கூட இருந்தால் ஓட்டலாம். அவ்வளவுதான் கணக்கு. அவர் இழுக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும். முள் நடுங்கிக்கொண்டே ஏறி, நான் நினைக்கிற இடத்துக்கு வராமல் நின்றுவிடும். முதல் தடவையே அவர் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"கூட்டிச் சொல்லாத அம்மணி. நீ பொய் சொன்னயின்னா நான் அந்தப் பொய்ய நம்பி வண்டிய எடுத்துப்போடுவேன்."

அதனால் நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லத் தோன்றியது. சொல்லியிருந்தால் அந்த ஒரு சாயங்காலமாவது அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்.

நூற்றி எண்பத்தைந்து போட்ட கார் அவர் கைக்குத் திரும்பவில்லை. அகலமான டயர் தரையை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது, நின்ற இடத்தில் திருப்புவதற்குக் கை வலு வேண்டும். லேசாகத் திருப்ப உதவுகிற பவர் ஸ்டீயரிங்கெல்லாம் அப்போது நாங்கள் கண்ணால் பார்த்திராத சமாச்சாரம். காற்றைக் கூட்டி அடித்துப் பார்த்தார். பவுண்டரி முற்றத்தைத் தாண்டுவதற்குள் கார் தவளை மாதிரித் துள்ளியது. பஸ்ஸின் பெரிய ஸ்டீயரிங் வளையத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அது தொடையில் இடித்தது. கடைசியில் மிச்சமிருந்தது டயரின் அகலம் மட்டும்தான். நூற்றி அறுபத்தைந்துக்கு இறங்குவது என்று முடிவு செய்தார். இரண்டு புது டயர்களும் கழன்று சுவரோரம் போயின. அகலமான டயருக்காக வெட்டிய முன் சக்கர வளைவுக்குள் சின்ன டயர், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டதுபோல இருந்தது. எது மாற்றினாலும் அம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவாள். டயர் மாற்றுவதற்கெல்லாம் பூசை போடுகிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அண்ணனே சிரித்தார்.

காந்திபுரத்து டயர் கடைக்காரருக்கு நோய் விஷயம் தெரியாது. வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. கடைக்காரருக்கும் பந்தயக் கார் பிடிக்கும். அதனால் இந்த டயர் விஷயத்தில் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஏனுங்க, முன்னாடி மெலிசாப் போட்டா வளைவுல வண்டி உங்க பேச்சக் கேக்காதுங்க. மூக்கு நேரா ஓடிப்போயிருமுங்க" என்றார்.

வளைவில் மெதுவாகத்தான் போவேன் என்று அண்ணன் சமாளித்தார். மெதுவாகப் போவதற்கு எதற்குப் பந்தயக் கார் என்று கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பில்லுக்குப் பணம் எண்ண ஆரம்பித்தேன். ஆறேழு வாரம் கழித்து மறுபடியும் அதே கடைக்குப் போனோம், இன்னும் ஒரு சுற்றுக் குறைக்க. டீ வந்தது. அண்ணன் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து, வாயை டம்ளருக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அதைப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. உள்ளே போய், இருப்பதிலேயே மெலிதான நூற்றி நாற்பத்தைந்தை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். ஆட்களை விலக்கிவிட்டு அவர் கையாலேயே மாட்டினார், காற்றும் அவரே அடித்தார்.

அண்ணிக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அப்போது அவர்கள் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்: "பெத்த புள்ளயத் தூக்க முடியாத கைக்குக் காரு எதுக்குங்க?" ஷெட் வாசலில் அண்ணன் நின்றிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. திரும்பியபோதுதான் பார்த்தோம். அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளுடைய துக்கத்துக்கு வேறு எதன் மேல்தான் கோபப்பட முடியும்? மெலிந்த டயர் மாட்டி வந்த அன்று அம்மா எலுமிச்சம்பழம் வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஏறி உட்கார்ந்ததும் அண்ணியே வந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். குழந்தை ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி விளையாடியது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை வேண்டியிருக்கவில்லை, முன்னால் ஸ்டீயரிங்கும் பின்னால் அவர் வயிறும் இருந்தன.

தராசில் முள் அப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் நின்றது, ஓடுகிற காருக்கு இது போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில், விடிந்ததும் கிளம்பினோம். உக்கடம், டவுன், சிக்னல் என்று நின்று நின்று போகிற இடத்தையெல்லாம் நான் ஓட்டினேன். துடியலூர் தாண்டியதும் இடம் மாறினோம். கார் ஓட ஆரம்பித்துவிட்டால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். நேர் ரோட்டில் அவர் கைகளை வளையத்தின் மேல் வைத்திருந்தால் போதும், அது அவர் சொன்னதைக் கேட்டது. கியரை நான் போட்டேன், பெடல்களை அவர் அழுத்தினார். காரமடையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆள் துண்டை எடுத்து ஆட்டினார். அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பு. அத்தனை மாதங்களில் நான் அதைப் பார்க்கவே இல்லை. காற்றில் கண்ணைத் திறக்க முடியாமல் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள் முடிந்து, மலை ஏற ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வந்தது. மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அண்ணன் வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். கார் ஊர்ந்ததும் ஸ்டீயரிங் கனத்துவிட்டது. பாதி திரும்பியது. அதற்கு மேல் அவர் தோள் நடுங்கியதே தவிர வளையம் நகரவில்லை. காலைப் பிரேக்கில் வைத்துக் காரை நிறுத்தினார். பஸ் டிரைவர் என்ன நினைத்தாரோ, ஹாரனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"ஒரு கை குடு அம்மணி."

நான் குறுக்கே கையை நீட்டி, அவர் கையின் மேலேயே என் கையை வைத்து இழுத்தேன். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது. இரண்டு பேருமாக வளைவைத் திரும்பினோம். மேலே ஒரு மரத்தடியில் ஓரம்கட்டி என்ஜினை அணைத்தார். கீழே தோப்பும் ரோடும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, முக்கால்வாசி நாந்தான் திருப்புனேன், பாத்தயா என்றார்.

"முழுசும் நீங்கதானுங்ணா. நான் சும்மா தொட்டனுங்க."

தராசு இல்லாத இடத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் அதை ஏற்றுக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அதன் பிறகு அவர் காரில் ஏறவில்லை. பேச்சும் போய், அடுத்த ஆடி வருவதற்குள் மூச்சும் போய்விட்டது. காரை விற்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது முடியாது என்று சொன்னது அண்ணிதான்.

அந்தக் குழந்தை இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்தவள், காரைச் சரிசெய்து ஓட்டப் போகிறேன் என்று ஷெட்டைத் திறந்தாள். அப்பா எப்படிப் போனார் என்பது அவளுக்குத் தெரியும். டயர் கதை தெரியாது. முன்னால் ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறது, பார்க்கவே நன்றாக இல்லை, அகலமாக மாற்றிவிடலாம் என்றாள். சாக்கை விலக்கி அந்த இரண்டு டயர்களையும் கண்டுபிடித்து, இவை ஏன் மாட்டாமல் கிடக்கின்றன என்று கேட்டாள். நான் மெக்கானிக்கை விட்டுப் பழைய டயர்களில் காற்று அடிக்கச் செய்து, அவளை ஏறி உட்காரச் சொன்னேன். ஒரு கையில் போன் இருந்தது. மறு கையால் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். நல்லா லேசாத்தான் இருக்குது என்றாள். அப்புறம்தான் சொன்னேன். தராசு, மூன்று அளவு டயர்கள், கொண்டை ஊசி எல்லாம் சொன்னேன்.

அவள் போனைக் கீழே வைத்தாள். ஸ்டீயரிங்கை இன்னொரு தடவை, மெதுவாக, ஒரே கையால் திருப்பிப் பார்த்தாள்.

"இதுகூடவாங்க அத்தை அப்பாவால முடியல?"

சாக்கை எடுத்து அந்த டயர்களை மூடப் போனேன். மூடுவதற்கு முன்னால், அண்ணன் செய்ததுபோல உள்ளங்கையால் ஒரு தடவை தடவினேன். ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. முடிகள் வளையவில்லை. பொலபொலவென்று ஒடிந்து என் கையில் ஒட்டிக்கொண்டன.