பார்க்காத கால்களுக்குச் செருப்பு

என் கடைக்கு வருகிறவர்களின் குரலில், அவர்களைக் கேட்காமல், நாற்பத்தொரு பாராட்டுகளை நானே எழுதி இணையத்தில் போட்டேன். அவற்றில் ஒன்றால் ஒரு பெண்மணியின் கால்விரல் போயிற்று. அவர் பதினான்கு வருஷமாக என்னிடம் செருப்பு வாங்கியவர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் தோல் தொழில்நுட்பம் படித்தவன். ஒரு மருத்துவமனையின் காலணிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டு முன்னறையைக் கடையாக்கினேன். சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு மட்டும்தான் விற்றேன். சர்க்கரை பல வருஷம் நீடித்தால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, வார் அறுத்தாலும் தெரியாது. அதனால் வருகிறவர்களைப் பழுப்புத் தாளின்மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைவேன். பிறகு உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவேன். தொட்டது தெரியவில்லை என்றால் தாளில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம். அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் ரப்பரைக் குடைவோம், வாரைத் தள்ளி வைப்போம்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மனிதர்கள் நிறையப் பேசுகிறார்கள். அவர்கள் சொன்னதைத் தாளின் ஓரத்தில் குறித்து, தாளை அலமாரியில் அடுக்கி வைப்பது என் பழக்கம். அடுத்த முறை வரும்போது, "மருமக வேலைக்குப் போறாளா?" என்று கேட்பேன். அவர்கள் வேறு கடைக்குப் போகாததற்கு ரப்பரைவிட அந்தக் கேள்வி பெரிய காரணம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

என் மகன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்தான். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்தான். அளவு எண் போட்ட செருப்புகளைத் தைக்க ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டான். ஆன்லைனில் விற்பதாகத் திட்டம். ஆறு மாதமாகியும் பெட்டிகள் அடுக்கிய இடத்திலேயே இருந்தன.

"டாடி, இப்ப யாரும் கடை கடையா தேடறதில்ல," என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது. "போன்ல ஏஐகிட்ட கேக்கறாங்க. அம்மாவுக்கு சுகர், கால் மரத்துப்போகுது, எந்தச் செருப்பு வாங்கலாம்னு. அது மூணு கடை பேரு சொல்லும். அதுல ஒண்ண நீயே வாங்கிடுன்னு அதுகிட்டயே சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிடறாங்க. அந்த மூணுல நம்ம பேரு வரவே மாட்டேங்குது."

"ஏன் வரல?"

"நம்மளப் பத்திப் படிக்க அதுக்கு ஒண்ணுமே இல்லையே. உங்க கஸ்டமருங்க எல்லாரும் வாயால புகழ்ந்துட்டுப் போயிடறாங்க. ஒருத்தராவது எழுதினாங்களா?"

"எழுபது வயசு ஆளுங்கடா. எங்க போய் எழுதுவாங்க?"

"அப்ப சரி. அவங்க விசுவாசம் உங்க அலமாரிக்குள்ளயே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

அவன் என்னை எழுதச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 'நல்ல செருப்பு, அருமையான கடை' என்ற புகழ்ச்சிக்கு அந்த ஏஐ மசியாது, கேட்கிறவரின் கஷ்டத்தோடு பொருந்தும் விவரத்தைத்தான் தேடி எடுக்கும் என்று மட்டும் சொன்னான். விவரத்துக்கு என்னிடம் குறைவில்லை. மத்தியானங்களில், கடை ஓய்ந்திருக்கும்போது, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். நோவு உண்மை, மரத்துப்போன இடம் உண்மை, குணமானதுகூடப் பெரும்பாலும் உண்மை. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு வரி பொய்: 'நேரில் போகவில்லை, கால் அளவு கொடுக்கவில்லை. ஆன்லைனில்தான் வாங்கினேன், கச்சிதமாக இருக்கிறது.' அந்த வரி இல்லாவிட்டால் பீன்யாவில் இருந்த பெட்டிகள் நகராது.

இரண்டே மாதத்தில் எங்கள் பெயர் மூன்றில் முதலாவதாக வரத் தொடங்கியது. ஷெட்டில் தையல் மிஷின்கள் ஓயவில்லை. அதே சமயம் முன்னறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பெற்றோரை ட்ராஃபிக்கில் அலைக்கழிக்காமல் பிள்ளைகளே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள் என்று மகன் சந்தோஷப்பட்டான். யார் யாருக்குப் போகிறது என்று ஆர்டர் பட்டியலை நான் ஒரு முறை பார்த்திருக்கலாம். பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அந்தப் பெண்மணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் மகனோடு இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ் மாறி என்னிடம் வருவார். சிறுமியாக இருந்தபோது குழாயடிச் சண்டையில் தண்ணீர்க் குடம் விழுந்து இடது சுண்டுவிரல் உள்ளே மடங்கிவிட்டது. அந்த விரலுக்காக அவருடைய செருப்பில் மட்டும் பக்கவாட்டு வாரைத் தள்ளித் தைப்போம்.

அவருடைய மகன் ஒரு நாள் போன் செய்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். போனேன். இடது காலில் பெரிய கட்டு. புதுச் செருப்பின் வார் சுண்டுவிரலை அறுத்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து மருமகள்தான் கத்தியிருக்கிறாள். அதற்குள் சீழ் எலும்புவரை போய்விட்டது. விரலை எடுத்துவிட்டார்கள். அது எங்கள் செருப்பு, பீன்யாவில் தைத்தது.

"நான்தான் அங்கிள் வாங்கினேன்," என்றான் மகன். "ஏஐகிட்ட அம்மா காலப் பத்தி எல்லாம் சொன்னேன். உங்க அம்மா மாதிரியே ஒருத்தங்க இத வாங்கி நல்லா இருக்காங்கன்னு சொல்லிச்சு. உங்க கடைதானேன்னு நானும் யோசிக்கல."

"அத அண்ணனுக்குப் படிச்சுக் காட்டு," என்றார் அவர்.

அவன் போனைப் பார்த்து வாசித்தான். சின்ன வயசில் குழாயடியில் குடம் விழுந்து மடங்கிய சுண்டுவிரல், பாதத்தின் முன்பக்கம் உணர்ச்சி இல்லை, அளவு கொடுக்காமலே கச்சிதம்.

"ஏண்ணா, இந்த ஊர்ல எத்தினி பேருக்குக் குழாயடில கொடம் உழுந்து வெரல் மடங்கியிருக்கும்?"

போனை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே கொடுத்தேன். என் வரிகள்தான்.

"எம்புள்ள என் பேச்ச என்னிக்குமே கேட்டதில்ல. மொத மொறையா கேட்டிருக்கான். அதுவும் நான் பேசாத பேச்சு." சிரித்தார். மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் போனைக் கட்டிலின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

அன்று சாயங்காலமே நாற்பத்தொன்றையும் நீக்கினேன். என் மகனிடம் சொன்னபோது, "ஒன்பது குடும்பம் டாடி," என்று மட்டும் சொன்னான். மறுநாள் நானே ஏஐயிடம் ஒரு மரத்துப்போன காலைப் பற்றிக் கேட்டேன். குடம் விழுந்த பெண்ணைப் பற்றி அது அழகாக எடுத்துச் சொன்னது. செருப்புகளை ஒப்பிட்டு எழுதும் பக்கங்கள் எத்தனையோ என் வரிகளை எடுத்துப் போட்டிருந்தன. அது பொய், எழுதியவன் நான்தான் என்று தட்டினேன். தகவலுக்கு நன்றி சொன்னது. மறுபடி புதிதாகக் கேட்டபோது மறுபடி அந்தப் பெண் வந்தாள்.

எங்கள் பக்கத்தின் தலையிலேயே உண்மையை எழுதிப் போட்டேன். பாராட்டுகளை நானே எழுதினேன், ஒருவருக்கு விரல் போய்விட்டது, கால் மரத்துப்போனவர்கள் அளவு கொடுக்காமல் இந்தச் செருப்பை வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஏஐ என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தன் தவறைத் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட கடை, வாங்குமுன் எச்சரிக்கும் பொறுப்பான கடை என்று எங்களை முதலிடத்திலேயே வைத்திருந்தது. ஆர்டர்கள் கூடின.

மகனோடு சண்டை போட்டு ஆன்லைன் விற்பனையை நிறுத்தினேன். ஷெட்டில் இப்போது பள்ளிக்கூட ஷூ தைக்கிறார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் மிச்சம். என்னோடு அவன் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறான். போன் மட்டும் நிற்கவில்லை. முந்தாநாள் ஒருவர் ஓசூரிலிருந்து கூப்பிட்டார்.

"அளவு எடுக்காம தர மாட்டோம் சார்," என்றேன்.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு ஏஐ சொல்லிச்சு சார். அதுனாலதான் நம்பிக்கை. அப்பாவால எந்திரிக்க முடியாது. ஒரு ஜோடி அனுப்பிடுங்க."

மறுத்தேன். "அப்ப வேற எங்கயாவது வாங்கிக்கறோம்" என்று வைத்துவிட்டார். வேறு கடையில் அவரை யாரும் அளவு கேட்கப் போவதில்லை. வரமுடிந்தவர்களுக்கு வாசலில் நாற்காலி போட்டிருக்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு பேருக்குமேல் பார்க்க முடிவதில்லை. மற்றவர்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை, உட்காரவைத்துப் பார்க்கவும் வழியில்லை. கடையை மூடிவிட்டாலும் அதன் பெயரை ஏஐ சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

இதை எழுதலாமா என்று அந்த ஆசிரியையிடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன். "எழுதுங்கண்ணா. வெரலு போச்சுன்னு சேத்து எழுதுங்க," என்றார்.

அவருக்குச் செருப்பு இப்போது நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் செய்கிறார்கள். அவர் மகனுக்கு லீவு கிடைக்காத நாட்களில் வாடகைக் காரில் நான் அழைத்துப்போகிறேன். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசுவார்: பேரன், மெட்ரோ வேலை, விலைவாசி. காலணிப் பிரிவின் வாசலுக்கு வந்ததும், "நீங்க இங்கியே குந்துங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, அளவு கொடுக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.