நீலக் கை

தவச்செல்வன் சுவிஸில், ஓல்டன் நகரில் இரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கும் வேலையில் பதினான்கு வருடங்களாக இருக்கிறார். சம்பளத்தோடு அந்த வேலை அவருக்கு ஒரு சோடிக் கைகளையும் கொடுத்திருந்தது. உள்ளங்கை நிறையக் காய்ப்பு. குளிர் தொடங்கினால் விரல் நுனிகள் வெடித்துவிடும். எந்தக் களிம்பும் அவரோடு மூன்று நாளுக்கு மேல் ஒத்துப்போனதில்லை.

மகள் ஹரிஷாவுக்கு நாலு மாதமாக இருந்தபோது ஒருநாள் ஆசையாகக் கன்னத்தைத் தடவினார். பிள்ளை வீறிட்டது. பார்த்தால் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது பின்னேரமே மறைந்துவிட்டது, ஆனால் தவச்செல்வன் மறக்கவில்லை. மறுநாளே கடையில் நீல நிறத்து மெல்லிய கையுறை ஒரு பெட்டி வாங்கி வந்தார். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் அதன் பிறகு கையுறையோடுதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை கையுறை போட்டுக்கொண்டு போனது.

மனைவி ராஜேஸ்வரிக்கு வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை. தவச்செல்வன் விடியற்காலை போய் மதியம் திரும்புவார். அதனால் பாதி நாள் பிள்ளை அவர் பொறுப்பு. பிள்ளையும் சுத்தத்தில் அப்பனை மிஞ்சியது. மணலில் கால் வைக்காது, புல்லில் இருக்காது. பாணில் பூசிய ஜாம் விரலில் பட்டால் கையை நீட்டிக்கொண்டு அழும். "பாரும், என்ன துப்புரவான பிள்ளை" என்று தவச்செல்வன் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பெருமை விசயதசமியன்று போனது. பேர்ண் கோயிலில் ஏடு தொடக்கினார்கள். ஐயர் ஹரிஷாவின் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்த அரிசியில் வைத்ததும், நெருப்பில் வைத்தது போல் அவள் கத்தினாள். விரலைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ஐயர் சிரித்து, "காரியமில்லை, பிறகு எழுதுவா" என்று அனுப்பிவிட்டார்.

அதைத் தவச்செல்வன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஸ்டேஷன் படியில் நடந்தது. கோயிலுக்கென்று கையுறையைக் கழற்றி வைத்திருந்தார். படியிறங்கப் பிள்ளையின் கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டு சொன்னாள்:

"இது வேண்டாம். நீலக் கை போடுங்கோ."

பிள்ளையை ராஜேஸ்வரியிடம் விட்டு, வீடு வந்து சேரும்வரை அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். ஒரு தகப்பனுக்குத் தன் கையைவிட ஒரு றப்பர் உறை பெரிதாகப்போனால் அவன் அந்தக் கையை வேறெங்கே வைப்பது. என்றைக்காவது இவள் என் வெறுங்கையைப் பிடிப்பாளா என்பது ஒன்றே அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ராஜேஸ்வரி அடுத்த கிழமையே பிள்ளை வளர்ப்பு ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். அந்தச் சுவிஸ் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரிய மருந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பேசினில் அரிசி, இன்னொரு நாள் பருப்பு, பிறகு தண்ணீரும் ஸ்பொஞ்சும். பிள்ளை தொட்டு விளையாடட்டும். கட்டாயப்படுத்தக் கூடாது. வாயில் போடும் வயது, பக்கத்தை விட்டு எழும்பக் கூடாது. அவ்வளவுதான்.

"அரிசியிலை விளையாட்டோ?" தவச்செல்வனுக்குக் கோபம் வந்தது. "கால் பட்டாலே தொட்டுக் கண்ணிலை ஒத்துற சாமான்."

"விளையாடி முடிய அரிச்சுக் கழுவி உலையிலை போடுறன். ஆர் கோவிக்கப் போகினம்?" என்றாள் ராஜேஸ்வரி.

மறுநாள் தரையில் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. நடுவில் பேசின், அதில் ஒரு கிலோ சிவப்பரிசி. தவச்செல்வன் வழக்கம்போல் கையுறையோடு சம்மணம் கட்டி உட்கார்ந்து, கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினார். ஹரிஷா சோபாவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கிட்ட வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கிட்ட வந்து, தன் இரண்டு கைகளையும் அப்பாவிடம் நீட்டினாள்.

"எனக்கும் நீலக் கை."

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ராஜேஸ்வரி வாசலில் சப்பாத்துக் காலோடு நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு கேக்கிறன். வேலையிலை நீங்கள் எதுக்கு கிளவுஸ் போடுறனீங்கள்?"

"ஊத்தையைத் தொட."

"அப்ப அரிசியைத் தொடவும் கிளவுஸ், பிள்ளையைத் தொடவும் கிளவுஸ் எண்டா, அவள் என்னத்தை நினைப்பாள்?"

பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். தவச்செல்வன் அரிசியின் மேலிருந்த தன் நீலக் கைகளைப் பார்த்தார். உலகத்தைத் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது தானேதான் என்பது விளங்கியபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தல்லவா இரண்டரை வருடம் ஓடியது. கையுறைகளைக் கழற்றினார். வெடித்த விரல்களை அரிசிக்குள் புதைத்தார். பிள்ளை அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் திரும்பிப் போய்விட்டாள்.

அவர் கையுறைப் பெட்டியை அலுமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டார். குளிப்பாட்டும்போது அழுதாள், துணியால் மெதுவாகத் தேய்த்துவிட்டார். விளையாட்டை ஒருநாளும் விடவில்லை. முதலில் ஹரிஷா கிட்ட வந்து கோப்பையால் அரிசி ஊற்றினாள். எவர்சில்வர் தட்டில் அது விழும் சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் குறை சொல்லாமல் இருக்க அவர் தட்டின் கீழே துவாயை மடித்து வைத்தார். கார்த்திகை முடிய ஒரு விரல் அரிசிக்குள் போனது. மார்கழியில் பருப்புக்குள் மணிக்கட்டுவரை போனது. ஒருநாள் பல்கனியில் கிடந்த பனியைச் சட்டியில் அள்ளிவந்து வைத்தார். அவள் தொட்டுவிட்டுக் கையை உதறி, சிரித்து, மறுபடியும் தொட்டாள். அந்த மாதங்களில் வீட்டில் ஒரு மணி அரிசியும் வீணாகவில்லை. இரவில் சோறு உண்ணும்போது மட்டும் தவச்செல்வன் தட்டில் துணிநூல் தேடுவார்.

அப்பாவின் கையை மட்டும் அவள் தொடவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம். புது விளையாட்டு. பேசினுக்குள் கரண்டி, ஸ்பொஞ்ச், உருளைக்கிழங்கு எல்லாம் வைத்து மேலே துவாய் போட்டு மூடினார். பார்க்காமல் கைவிட்டுத் தடவி, என்ன என்று சொல்லவேண்டும்.

"இது என்ன?"

"ஸ்பொஞ்ச்."

"இது?"

"கிழங்கு."

கரண்டி ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அதை நகர்த்திவிடத் தவச்செல்வன் துவாயின் அடியில் கையை விட்டார். அதற்குள் பிள்ளையின் விரல்கள் வந்துவிட்டன. சின்ன விரல்கள் அவருடைய காய்ப்பின் மேல் ஊர்ந்தன, நின்றன, வெடிப்பு ஒன்றைத் தடவிப் பார்த்தன. கையை எடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. விளையாட்டு நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று எண்ணிக் கேட்டார்:

"இது என்ன?"

ஹரிஷா கண்ணை மூடி யோசித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

சரியா என்று கேட்பதுபோல் முகத்தைப் பார்த்தாள். தவச்செல்வன் அழுதுகொண்டே தலையாட்டினார். அவள் அப்பாவின் கையை விடாமல், மற்றக் கையால் கரண்டியைத் தேடத் தொடங்கினாள்.