ஆள் ஏற்றி அளந்த சாய்வு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு டன்லப் தெரு விடுதியிலிருந்து கிளம்பினேன். அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் கோயம்புத்தூர் நிறுவனம் வாங்கவிருக்கும் பல்சக்கரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உடன் வந்த இருவரும் வெள்ளிக்கிழமை இரவே ஊர் திரும்பிவிட்டார்கள். நான் விடுப்பு எடுத்துத் தங்கினேன். தம்பி முருகேசன் ஓட்டும் ஜீப்புக்கு ஒரு ஷாஃப்ட் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் மேலப்பாறை. போடிக்கு மேலே, அடிவாரத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் கல் பாதை. பேருந்து கிடையாது. காப்பிக்கொட்டை, எலுமிச்சை, காய்ச்சல்காரர், பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லாம் தம்பியின் ஜீப்பில்தான் இறங்கும். மூன்றாவது வளைவில் ஒரு பாறை வண்டியின் வயிற்றைத் தட்டிக்கொண்டே இருந்தது. போன வருடம் அவன் வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளை மாற்றி, கட்டை வைத்து, வண்டியை நான்கு அங்குலம் தூக்கிவிட்டான். அதன் பிறகு பாறை தட்டவில்லை. ஆனால் கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து, அதன் இரு முனைகளிலும் உள்ள ‘கிராஸ்’ என்கிற மூட்டுகள் மடங்கக்கூடாத அளவுக்கு மடங்கின.

கார்த்திகை மழையில் ஒருநாள், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கீழ் மூட்டு உடைந்தது. அந்தப் பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் அறுந்தால் கைப்பிரேக்கும் போயிற்று. வண்டி பின்னால் உருண்டது. தம்பி மலைப்பக்கம் ஒடித்து மண்ணில் மோதி நிறுத்தினான். ஏறிக்கொண்டிருந்த தனபாக்கியம் அத்தைக்கு வலது கால் எலும்பு முறிந்தது. மறுபக்கம் ஒடித்திருந்தால் பள்ளத்தாக்கு.

அதே மூட்டை வாங்கிப் போட்டு இப்போதும் ஓட்டுகிறான். அடுத்த முறை எந்தப் பக்கம் உருளும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைத் தாழ்ந்த குரலில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இயந்திரவியல் படித்தேன், சம்பளம் வாங்குகிறேன், ஷாஃப்டை நான் தேர்ந்தெடுப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, அவுட்ரம் பார்க்கில் மாறி, பூன் லேயில் இறங்கினேன். கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். டாலரை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து பேருந்து. வழி நெடுக சாலை மேசை போல் கிடந்தது. இந்தத் தீவின் மிக உயர்ந்த குன்று நூற்று அறுபத்து மூன்று மீட்டர்தானாம். எங்கள் பாதையில் முதல் தண்ணீர்த் தொட்டியே அதைவிட உயரத்தில் இருக்கிறது.

ஹாஜா பாயின் கடை ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. காட்டுவழி ஓட்டும் வண்டிகளுக்கான உதிரிபாகம், வெல்டிங், ஷாஃப்டைச் சுற்றவிட்டுச் சமன் செய்யும் ஒரு இயந்திரம். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். தொழிற்சாலையில் ஒருவர் சொல்லி, தொலைபேசியில் ஏற்கெனவே பேசியிருந்தேன்.

“வாங்கமா, உக்காருங்க. வீட்டுக்காரர் வண்டியா?”

“தம்பி வண்டி பாய். முடிவு நான்தான் எடுக்கணும்.”

“அப்போ உங்களுக்குத்தான் ஐஸ் வைக்கணும்” என்று சிரித்து, பலகை மேல் ஒரு ஷாஃப்டை எடுத்து வைத்தார்.

கறுப்பு வண்ணத்தில் கனமான குழாய். மேல் முனையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கிராஸ்கள், நடுவில் ஒரு பந்து. செங்குத்தான சாய்விலும் குலுங்காமல் சுற்றும். விலை எழுநூற்று இருபது வெள்ளி, நம் கணக்கில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். தம்பி படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டது இதைத்தான். கையில் தூக்கிப் பார்த்தேன். அழகான வேலைப்பாடு. மறுக்க முடியாது.

கடையில் இன்னொருவர் இருந்தார். சிவநேசன் என்று பெயர், வங்கியில் வேலை, யாழ்ப்பாண வழிக் குடும்பம். அவரும் இதே ஷாஃப்டைத்தான் எடுத்துப்போக வந்திருந்தார்.

“இங்க இந்த உயர வண்டிக்கு என்ன சார் வேலை?” என்று கேட்டேன்.

“இங்க எங்கமா! கார்பார்க்லயே நுழையாது. ரோட்ல ஓட்டவும் விட மாட்டாங்க. வண்டி மலேசியாவுல, ஜொகூர்ல நிக்குது. வீக்கெண்ட் போய் காட்டுல சேத்துல உருளுவோம். மண்டே டை கட்டிட்டு பேங்க்.”

“எத்தனை பேரு போவீங்க?”

“நானு, என் ஃப்ரெண்டு, ஒரு ஐஸ் பாக்ஸ்.”

“ஐஸ் பாக்ஸ்தான் ஹெவி லா” என்றார் ஹாஜா பாய். “அதுக்காகவே ஸ்பிரிங் மாத்துனோம்.”

தம்பி அனுப்பிய அளவுகளைக் காட்டினேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி எடுத்தவை. சாய்வு இருபத்து நான்கு பாகை. பாய் உதட்டைப் பிதுக்கினார்.

“ட்வென்டி ஃபோர்! சாதா கிராஸ் எப்படிமா தாங்கும்? இதப் போடுங்க, பின் ஆக்சில்ல ஷாஃப்ட் சேர்ற மூக்க மட்டும் மேல தூக்கி ஆப்பு வச்சிடுங்க, முடிஞ்சிது. ஆனா ஒண்ணு. உங்க அளவுக்கு நான் வெட்டி வெல்டு பண்ணணும். வெட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது.”

நீளத்தை மறுநாள் உறுதி செய்கிறேன் என்றேன். ஞாயிறு காலை அவர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்கு இறைச்சி வாங்க வருவாராம். அங்கேயே பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஏறக்குறைய வாங்கிவிட்ட மனநிலையில்தான் திரும்பினேன். அன்று மாலை சிராங்கூன் சாலையில் நகைக்கடை வெளிச்சத்தில் நடந்தபோதும் அந்தக் கறுப்புக் குழாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணி, தேக்கா சென்டர். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவுக்கடைகள். தோசை, தேநீர் இரண்டும் நான்கு வெள்ளிக்குள் முடிந்தன. விடுமுறை நாள் என்பதால் கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் மேசைகளை நிறைத்திருந்தார்கள். பாய் இறைச்சிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஊரில் அப்போது ஏழரை. தம்பியைக் காணொளியில் அழைத்தேன்.

“நீளத்த இன்னொருவாட்டி அளந்து சொல்லுடா.”

“சொன்னதுதான்க்கா. சீக்கிரம் வாங்கிட்டு வா. வெறும் வண்டிய ஏத்துறப்ப கடகடன்னு அடிக்குது, காது போகுது.”

“வெறும் வண்டின்னா?”

“ஆமா. ஆள் ஏறிட்டா சத்தமே இருக்காது. அதான் அடிவாரத்துல பத்துப் பதினாலு பேரு சேர்ற வரைக்கும் எடுக்குறதில்ல. ஆள் ஏறுனா வண்டி அடங்கிரும்க்கா.”

பாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நான் தோசைத் தட்டை ஒதுக்கினேன். அவன் எனக்கு அனுப்பியது காலி வண்டியின் அளவு. பாரம் ஏறினால் பட்டை அமுங்கும், உடல் இறங்கும், சாய்வு மாறும். எவ்வளவு மாறும் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“முருகேசா, இப்பவே ஆளைக் கூப்பிடு. எப்பவும் எப்படி ஏறுவாங்களோ அப்படி ஏத்து. நீ அடியில படுத்து, போனை ஷாஃப்ட் மேல வச்சு சாய்வைப் பாரு.”

அளக்கத் தன் கைபேசி வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியில் மறுபடி அழைத்தான். தெருவே திரண்டது. பெரியவர்கள் முன்னால், பெண்கள் பின்னால், இளவட்டங்கள் கம்பியில் தொற்றிக்கொண்டு. எங்கள் மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

“போட்டோ இல்லங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க!” என்று பாய் கைபேசிக்குள் கத்தினார்.

“யாருடி அந்தாளு?” என்று தனபாக்கியம் அத்தையின் குரல் கேட்டது.

“கடைக்காரர், அத்தை.”

அத்தை வண்டிக்கு வெளியே கம்பு ஊன்றி நின்றாள். அவள் எப்போதும் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

“ஏறுங்கத்தை. வண்டி எங்கயும் போகாது. நிக்கிற வண்டிதான்.”

“நின்ன வண்டிதான்டி என் கால ஒடிச்சது” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தேக்காவின் இரைச்சலிலும் அந்த வாக்கியம் தெளிவாகக் கேட்டது. அத்தை பையன்களைப் பார்த்து, “நாலு சக்கரத்துக்கும் கல்லு வைங்கடா” என்றாள். வைத்தார்கள். கம்பால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஜீப் ஒரு முறை முனகி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அடியிலிருந்து தம்பியின் குரல். “பதிமூணுக்கா. பதிமூணுதான் காட்டுது.”

காகிதக் கைக்குட்டையில் வரைந்து பார்த்தேன். சாதாரண ஷாஃப்டில் மேலும் கீழும் ஒவ்வொரு மூட்டு. இரண்டும் ஒரே அளவு மடங்கினால், ஒன்றின் குலுக்கலை மற்றது சரிக்கட்டிவிடும். வண்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஒழுங்கு கெடாது, வரம்புக்கு மேல் மடங்காத வரை. பாயின் ஷாஃப்டில் மேலே இரட்டை மூட்டு தன் குலுக்கலைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் கீழ் மூட்டு கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும். காலி வண்டிக்கு நேராக வைத்தால், பதினான்கு பேர் ஏறியதும் அது பதினொரு பாகை மடங்கும். துணைக்கு வேறு மூட்டு இல்லாமல் தனியாகக் குலுங்கும். காலியாகப் போகும்போது பட்டுப்போல் ஓடும், ஆட்கள் இருக்கும்போது உடையும்.

காகிதத்தைப் பாயிடம் தள்ளினேன். நெடுநேரம் பார்த்தார்.

“யு ஆர் ரைட். என் கஸ்டமர் எல்லாம் ரெண்டு பேரு, ஒரு பெட்டி. வண்டி ஏறி இறங்குறதே இல்ல.” காகிதத்தைத் திருப்பித் தள்ளி, “ஒண்ணு பண்ணலாமே. ஏழு பேர மட்டும் ஏத்தச் சொல்லுங்க. ஏழு பேருக்கு ஆங்கிள் செட் பண்ணிக்கலாம்” என்றார்.

“மீதி ஏழு பேரு பாய்?”

“அடுத்த டிரிப்.”

“அடுத்த டிரிப் சாயங்காலம்தான். காய்ச்சல்காரர் ரெண்டு பேருன்னா யாரை இறக்குறது?”

அவர் வாதாடவில்லை. வெட்டாத ஷாஃப்டை வேறு யாருக்காவது விற்றுக்கொள்வதாகச் சொன்னார். “நல்ல யாவாரம் போச்சு போங்க” என்று சலித்துக்கொண்டு, எனக்கு இன்னொரு தேநீர் வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

தம்பி இன்னும் இணைப்பில் இருந்தான். வண்டியைப் பாதி உயரத்துக்கு இறக்க வேண்டும், தேனியில் கிடைக்கும் பெரிய அளவுச் சாதாரண கிராஸ் போட்ட ஷாஃப்டே போதும், கைப்பிரேக்கைப் பின் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும் என்றேன். அவன் முகம் சுருங்கியது.

“இறக்க மாட்டேன்க்கா. இறக்குனா பாறை தட்டும். மலையில எவன் வண்டி இம்புட்டு உசரம் நிக்கிது சொல்லு? படிச்சவ, அங்க போயி நல்ல ஷாப்ட்டா வாங்கிட்டு வருவன்னு பாத்தா, இருக்கிறதையும் இறக்கச் சொல்ற.”

“படிச்சதாலதான்டா சொல்றேன். ஒவ்வொரு தடவை வெறும் வண்டிய ஏத்துறப்பவும் அந்த கிராஸ் கொஞ்சம் கொஞ்சமா சாகுது. சத்தம் அதுதான். ஆள் ஏத்துனா சத்தம் நிக்கிது, செத்தது செத்ததுதான். அதுக்கு மேல பதினாலு பேர உக்கார வச்சிருக்க.”

அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். உடல் மெல்ல மேலே எழும்புவது திரையிலேயே தெரிந்தது.

“அப்ப இம்புட்டு நாளா சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான் ஆள ஏத்திருக்கேனாக்கா?”

கேட்டுவிட்டு அவனே அழைப்பைத் துண்டித்துவிட்டான். மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கலைந்தார்கள். அன்று பகல் முழுவதும் கோவில் வாசல், பூக்கடை, மளிகைக்கடை என்று சுற்றினேன். அம்மா கேட்ட தைலம் வாங்கியது தவிர எதுவும் மனத்தில் நிற்கவில்லை. மாலை வரை அவன் அழைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, சாங்கி விமான நிலையம். திருச்சி விமானத்துக்கு அழைப்பு வந்து, வரிசையில் நின்றபோது கைபேசி அடித்தது. ஊரில் அப்போது ஆறரை.

“வண்டிய எடுக்கலக்கா” என்றான். “கட்டைய கழட்டிப் போட்டாச்சு. தேனிக்கு ஆள் அனுப்பியிருக்கேன் ஷாப்ட்டுக்கு. அது வர்ற வரைக்கும் ஓடாது.”

“இன்னைக்குச் சந்தை நாளாச்சே?”

“எல்லாரும் நடக்குறாங்க. மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு. அத்தைய வீட்டுல இருன்னு சொன்னேன். கேக்கல. ஆஸ்பத்திரியில கால் காட்டணுமாம். உன்னத் திட்டிக்கிட்டே முன்னால போகுது.”

“பாறை?”

“போறப்பவே கடப்பாறையும் எடுத்துட்டுப் போறோம். இன்னைக்கு முடியாது. பாப்போம்.”

விமானத்தில் உட்கார்ந்து இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டேன். ஜன்னலில் ஓடுபாதை மழைநீர் காயாமல் மின்னியது. இந்த ஊரில் ஒரு வாரம் எந்தச் சாலையிலும் ஒரு கல் தட்டவில்லை. வண்டிக்காக இங்கே சாலையைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதைக்காக வண்டியைத் தூக்கினோம், வண்டிக்காக ஆட்களைச் சுமையாக்கினோம். அதை நிறுத்தச் சொன்னது நான். நான் கடல் கடந்து திருச்சியில் இறங்கும்போதும் அத்தை அந்தப் பதினொரு கிலோமீட்டரை முடித்திருக்க மாட்டாள். கீழே போய்ச் சேர்ந்ததும் கால் வீங்கியிருக்கும். திட்டட்டும். நான் நேராக அவளிடம்தான் போகப்போகிறேன்.