இருபத்தொன்பதாம் நோன்பும் ஆடாத பைனாகுலரும்

மருமகன் கட்டாரில் இருந்து கொண்டுவந்த பைனாகுலரைக் கையில் வாங்கியதும், "யா அல்லாஹ், இதென்ன அம்மிக் குழவியா?" என்றுதான் கேட்டேன். அவ்வளவு பாரம். மேலே ஒரு பட்டன். அதை அழுத்திப் பிடித்தால் கை ஆடினாலும் படம் ஆடாதாம். நான் நம்பவில்லை. மருமகன் தங்கமான பிள்ளைதான், ஆனால் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் கதைப்பார்கள்.

அது என் கணவருக்கு வந்த சாமான். மாம்புரிக் கடலில் மீன்பிடித் தொழில் செய்த மனுசன். வருஷா வருஷம் பெருநாள் பிறை பார்க்கக் கரைக்குப் போகிற சனத்தில், "அந்தா!" என்று முதலில் நீளுவது அவருடைய கைதான். பெருநாளே எங்கள் வீட்டில் இருந்து புறப்படுகிற மாதிரி நானும் மிதப்பாய்த் திரிந்தேன். பிறகு அவருக்குக் கைநடுக்க வருத்தம் வந்தது. தேத்தண்ணிக் கோப்பை பீரிசுத் தட்டில் கடகடக்கும். கண்ணும் மங்கிவிட்டது. மூன்று வருஷம் போய், ஒன்றும் காணாமல் திரும்பினார். "காக்காவுக்கு இனிப் பிறை ரேடியோவுலதான்" என்று எவனோ பகிடி விட்டான். ஊரில் எல்லாருக்கும் அவர் காக்காதான், மூத்த அண்ணன் மாதிரி. அங்கே சிரித்தவர், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோற்றைத் தொட்டும் தொடாமலும் எழும்பினார். "இன்னொருக்கா கண்டிட்டன் எண்டா போதும் புள்ள" என்றார் மூன்றாம் நாள்.

பட்டனை அழுத்தி முதல்தரம் கடலைப் பார்த்தவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். "நிக்கிது! தோணி ஆடாம நிக்கிது!" அன்றைக்கு முழுக்கத் தென்னையில் காகம், ரோட்டில் போகிற ஆள், அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உடுப்பு, எல்லாம் பார்த்தார். "அந்த உடுப்பு மட்டும் வேணாம்" என்று நான் ஏசினேன்.

குறையும் சொல்லத்தானே வேணும். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலிக்கும். பெட்டரி முடிந்தால் அந்த வித்தையும் முடிந்தது. டக்கென்று திருப்பினால் படம் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும், எனக்குத் தலை சுற்றும். எதையாவது தேடிப் பிடிப்பதுதான் பெரிய பாடு. ஆனால் நடுங்கும் கைக்கு அதைப் போல ஒன்று இல்லை, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

இருபத்தொன்பதாம் நோன்பை ஈச்சம்பழமும் தண்ணியுமாய்க் கரையிலேயே திறந்தோம். அவரைக் கதிரையில் இருத்தினேன். மேற்கே மெல்லிய மேகம். சனம் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. "அந்தா!" என்றார் அவர். "நகக் கீறல் மாதிரி... இஞ்ச பாரு, கெதியா பாரு!" பைனாகுலரை என் கையில் திணித்தார். நான் தேடினேன். சிவப்பு வானம், மேகம், திரும்பவும் மேகம். ஒன்றும் ஆம்பிடவில்லை. அதற்குள் மேகம் மூடிவிட்டது.

பள்ளிவாசல் தலைவர் ஃபோனோடு ஓடிவந்தார். "காக்கா, வெறும் கண்ணால கண்டீங்களா?" எங்கள் பள்ளியில் வெறும் கண்ணால் கண்டால்தான் சாட்சி.

ஓம் என்று சொல்லுங்களேன், எனக்குள் நான் கெஞ்சினேன். ஒரு சொல்தானே! ஊரே அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இல்ல தம்பி. இதாலதான் கண்ட. வெறும் கண்ணுக்கு ஆம்பிடல்ல."

தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார். பின்னால் ஒருவன், "மேகத்தக் கண்டிருப்பாரு" என்றான். அது அவருடைய காதில் விழுந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினேன்.

வேறு ஊரிலும் யாரும் காணவில்லை என்று செய்தி வந்தது. நாளைக்குப் பெருநாள் இல்லை, முப்பதாம் நோன்பு. வீட்டுக்குப் போகிற வழியில் அவர் நின்றார்.

"அது மேகமில்ல புள்ள. நீயும் கண்டதானே?"

"ஓம், கண்டேன்" என்றேன். "வடிவா கண்டேன். நகக் கீறல் மாதிரி."

அவர் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு நோன்புக் கஞ்சியை இரண்டு கோப்பை குடித்தார். பக்கத்து வீட்டாருக்கும் சொன்னார், இவளும் கண்டவள் என்று. அடுத்த நோன்பு வருமுன் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

என் எல்லாப் பாவத்துக்கும் அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடித் தௌபாக் கேட்கிறேன். இந்தப் பொய்க்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை.