முடி நடுவதற்கு முன் மொட்டை

மன்னார் பட்டினத்தில் சலூன் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் இப்போது அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள்: தலையில் முடி நடப் போகிறவர் வந்து மொட்டை அடிக்கச் சொன்னால் அடிக்கலாமா? ஆண்டவர் என் கதிரைக்கு அனுப்பிய இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1. வாத்தியார்

முதலாமவர் ஒரு வாத்தியார். வீட்டிலேயே பிளேட் போட்டு மினுங்க மினுங்க வழித்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சேர், நட்டாச்சோ?"

"எங்க நட? பின்தலையில இருந்து பிடுங்கித்தானாம் முன்னுக்கு நடுறது. முடி எந்தப் பக்கம் சாஞ்சு முளைக்குதெண்டு பார்க்கக் கொஞ்சமாவது இருக்க வேணுமாம். தேங்காய் மாதிரி வந்து நிக்கிறியள் எண்டு டொக்டர் திருப்பி விட்டிட்டார்."

"ஊரில என்ன சொன்னீங்கள்?"

"மடு மாதாவுக்கு நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டன்."

"மாதாவையும் இதுக்குள்ள இழுத்திட்டீங்களே சேர்!"

ஆகவே பிளேட் கூடாது. சில கிளினிக்கில் தாங்களே வெட்டுவார்கள். சில இடத்தில் பின்பக்கம் ஒரு பட்டை மட்டும் வெட்டி, மேல்முடியால் மறைத்து விடுவார்கள். கிளினிக்கில் கேட்காமல் தலையில் கை வைக்காதீர்கள். தொழில் அவ்வளவுதான். அடுத்தவரின் கதை தொழிலுக்குள் அடங்காது.

2. பின் வாங்கில் இருந்த அம்மா

நிமலன் விடத்தல்தீவுப் பக்கம். சைவக் குடும்பம். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள். வந்த பிறகு ஒருநாள் தகப்பன் கடலுக்குப் போனார், வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் கிரியை எதுவும் செய்யவில்லை. தாய் தாலியும் பொட்டுமாகவே காத்திருந்தார்.

அன்று மத்தியானம் சோளகக் காற்று கடைக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நிமலன் தாயையும் கூட்டி வந்து பின்னால் கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டுக் கதிரையில் ஏறினான்.

"அண்ணை, மெசினாலை முழுக்க ஒட்ட அடிச்சு விடுங்கோ. பிளேட் வேண்டாமாம். நாளைக்குக் கொழும்பில முடி நடப்போறன்."

"மேல்முடியை விட்டிட்டும் செய்வினமே தம்பி. கேட்டுப் பாருமன்."

"கேட்டனான். எனக்கு வழுக்கை விழுந்த இடம் கூட. முழுக்க வெட்டினால்தான் சரி எண்டினம்."

"கலியாணமோ?"

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவுக்கும் இப்பிடித்தான் அண்ணை, முன்னுக்கு வழுக்கை. எனக்குக் கொட்டத் தொடங்கினதில இருந்து அம்மா என்னை அப்பா எண்டு நினைக்கிறா. முடி வந்தால் என்னை அடையாளம் பிடிப்பா. அதுக்குத்தான்."

"இஞ்சருங்கோ" என்றது பின்னால் ஒரு குரல்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வந்திட்டீங்கள். பெடியனை எங்க விட்டனீங்கள்?"

"வருவான்" என்றான் நிமலன், பழகிப்போனவன் மாதிரி.

"கடல் இரையுது. அவனுக்கு நீந்தவும் தெரியாது."

"பாத்தீங்களே அண்ணை. அப்பா வந்திட்டாராம். காணாமல் போனது நானாம்."

தகப்பன் செத்தால் மகன் மொட்டை அடிப்பது அவர்கள் வழக்கம்.

"தம்பி, கொம்மா பொட்டோட இருக்கிறா. மகன் மொட்டையோட முன்னுக்கு நிண்டால் என்ன நினைப்பா?"

"அவவுக்கு நான் மகனே இல்லை. பிறகு ஆரின்ர மொட்டையைப் பாக்கப்போறா? அடியுங்கோ."

சிலுவை போட்டுக்கொண்டு மெசினைப் போட்டேன். என் கடையில் முன்னும் பின்னும் கண்ணாடி. முடி விழ விழ, ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனையோ மொட்டைத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசியில் இருந்த தலை யாருடையது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தாய் எழுந்து வந்தார். அந்தத் தலையில் கையை வைத்து, உச்சியில் இருந்து பிடரி வரை மெல்லத் தடவினார்.

"நிமலன்."

அவன் திடுக்கிட்டுப் போனான். "அம்மா! என்னைத் தெரியுதோ?"

"தெரியாமல்? நீ என்ர பிள்ளையெல்லே." பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். "அப்ப, கொப்பர் போயிட்டாரோ ராசா? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

நிமலன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"ஓம் அம்மா" என்றான்.

அவர் விரலால் தன் பொட்டைத் துடைத்தார்.

3. மறுபடியும்

நிமலன் கொழும்புக்குப் போகவில்லை. திருக்கேதீஸ்வரத்துப் பாலாவித் தீர்த்தத்தில் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

தலையில் முடி மெல்ல வளர்ந்தது. வழுக்கை தெரியத் தொடங்கிய ஒரு காலையில், தாய் பொட்டு வைத்துக்கொண்டு வந்து அவனிடம் கேட்டாராம்: "இஞ்சருங்கோ, பெடியன் எங்க?"

அவன் திரும்ப என்னிடம் வந்தான். மொட்டை அடித்ததும் தாய் திரும்ப மகனைக் கண்டார். புருசன் செத்த செய்தியைத் திரும்பவும் அன்றுதான் கேட்டார்.

"முடியை நடுமன் தம்பி" என்றேன்.

"வளர வருசம் ஒண்டு செல்லுமாம் அண்ணை. மாசக்கணக்கில மெசின் வைக்கவும் கூடாதாம். அவ்வளவு நாளும் அவ என்னைத் தேடிக்கொண்டு கரையில நிப்பா." பிறகு கேட்டான்: "அண்ணை, நான் ஆரைச் சாகவிடுறது?"

அன்று கோயிலில் மாதாவுக்கு முன்னால் நெடுநேரம் முழங்காலில் இருந்தேன். மறுநாள் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "புருசனுக்கு அழுதால் அண்டைக்குப் பின்னேரமே ஒரு வாய் சாப்பிடுறா எண்டு நீர்தானே சொன்னனீர். பிள்ளையைத் தேடுற நாளில அவ சாப்பிடுறதே இல்லை."

அது சரியா என்று இன்றும் தெரியாது. என் மெசின் ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துப் புருசனை எடுக்கிறது. அதை ஆண்டவர்தான் தீர்க்க வேண்டும்.

தம்பிமாருக்குச் சொல்வது இதுதான். முடி நடப் போகிறவர் வந்தால், கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அந்தத் தலையை முதலில் பார்க்கப் போவது யார் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு மெசினைத் தொடுங்கள்.

போன கிழமையும் இருவரும் வந்தார்கள். தாய் பூ வைத்துக்கொண்டு, வாங்கில் இருந்து கண்ணாடிக்குள் அவனைப் பார்த்துப் புதுப்பெண் மாதிரிச் சிரித்தார். நான் மெசினை எடுத்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றான் நிமலன். அவர் சிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி அடியுங்கோ."